நீலப்பூ வரிசை

அண்ணன் தம்பி பிரிவினை என்றால் அக்கம்பக்கத்தார் கூடி வேடிக்கை பார்க்கும்படி இருக்க வேண்டும். இந்த வீட்டில் அந்த ருசி யாருக்கும் கிடைக்கவில்லை. வீட்டில் அண்ணனுக்கு ஓர் அறை கூடுதல், அதற்கு ஈடாகப் பின்பக்கத் தோட்டத்தில் தம்பிக்கு ஒரு துண்டு கூடுதல் என்று இரண்டு பேரும் தேநீர் குடித்துக்கொண்டே பேசி முடித்துவிட்டார்கள். காகிதம் எதுவும் எழுதவில்லை. துணிக்கொடிக் கயிற்றை அவிழ்த்து இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இழுத்துப் பிடித்து, இதுதான் எல்லை என்றார்கள். அங்கே ஒரு சுவர் வைத்துவிடலாம் என்று அண்ணன் சொன்னபோது, இரண்டு பேருடைய மனைவிகளும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். சுவர் வந்தால் துணி உலர்த்தும்போது யாரோடு பேசுவது என்பது அவர்கள் கவலை.

சுவருக்குப் பதிலாகப் பெரியவளும் சின்னவளும் சேர்ந்து வைத்ததுதான் நீலப்பூச் செடி. செடிக்கடைக்காரர் அதற்கு ஸ்பைடர்வோர்ட் என்று சீட்டு குத்தி வைத்திருந்தார். தண்டை ஒடித்தால் கசிகிற கொழகொழச் சாறு, விரலை எடுக்கும்போது சிலந்தி நூல் மாதிரி இழுபடும், அதனால் அந்தப் பெயர் என்று விளக்கம் வேறு சொன்னார். ஓரகத்திகள் இருவருக்கும் அந்தப் பெயர் நாக்கில் நிற்கவில்லை. நீலப்பூ என்றே சொல்லிப் பழகினார்கள். புல் போல நீண்ட இலை, தண்டு நுனியில் கொத்தாக மொட்டு. காலையில் மூன்று இதழை விரித்துக்கொண்டு நிற்கும், மதியத்துக்குள் சுருங்கிவிடும். சாயங்காலம் தொட்டால் பூ இருந்த இடத்தில் ஒரு சொட்டு நீலச்சாறு விரலில் ஒட்டும். மறுநாள் அதே கொத்தில் இன்னொரு மொட்டு விரியும். பூத்து ஓய்ந்து சாய்ந்து கிடக்கும்போது அடியோடு அறுத்துவிட்டால் மறுபடி தழைத்து இன்னொரு முறை பூக்கும். குளிர்காலத்தில் தரைக்கு மேல் ஓர் அடையாளமும் மிஞ்சாது. செத்துப்போயிற்று என்று நினைத்தால் ஏமாந்தோம். குளிர் விட்டதும் மண்ணைக் கீறிக்கொண்டு வந்து நிற்கும். வருஷா வருஷம் வாங்கி நட வேண்டியதில்லை, உரம் கேட்காது, வெயிலா நிழலா என்று முகம் சுளிக்காது. இதைவிடச் சமர்த்தான எல்லைக் காவல் கிடைக்காது என்று இருவரும் நினைத்தார்கள். அங்கேதான் கோட்டை விட்டார்கள்.

நீலப்பூவை மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை தோண்டிப் பிரித்து நட வேண்டும். இல்லாவிட்டால் தூரின் நடுப்பகுதி கிழடு தட்டிச் சக்கையாகிவிடும், ஓரத்தில் மட்டும்தான் கன்று வெடிக்கும். குளிர் விட்டுத் தளிர் தலைகாட்டியதும் இருவரும் சேலையைச் செருகிக்கொண்டு இறங்குவார்கள். ஒருத்தி மண்வெட்டியால் தூரைப் பெயர்ப்பாள், ஒருத்தி உட்கார்ந்து கையால் பிய்ப்பாள். நடுவில் இருக்கும் சக்கையைக் குப்பையில் எறிந்துவிட்டு, ஓரத்துக் கன்றுகளை அவை முளைத்த இடத்திலேயே ஊன்றுவார்கள். சின்னவள் வீட்டுச் சமையலறைத் தண்ணீர் தோட்டத்தில்தான் ஓடும். ஈரம் உள்ள பக்கம்தான் கன்று கொழுக்கும். ஆகவே ஒவ்வொரு பிரிப்புக்கும் வரிசை சின்னவள் வீட்டுப் பக்கம் ஒரு சாண் தள்ளி வந்தது.

இது இருவருக்கும் தெரியும். “நீ பாத்திரம் கழுவற தண்ணிக்கு ருசி கண்டுடுச்சுடி” என்று பெரியவள் சிரிப்பாள். சின்னவளும் சிரிப்பாள். எல்லை என்ற சொல்லையே அவர்கள் மறந்திருந்தார்கள். இந்தப் பக்கம் எவ்வளவு அந்தப் பக்கம் எவ்வளவு என்று யார் அளந்து பார்க்கப்போகிறார்கள்?

அளந்து பார்க்க ஒருத்தன் வந்தான். பெரியவளின் மகன். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன், அப்பா செத்து வெகுநாள் கழித்து டைல்ஸ் ஒட்டும் தொழிலோடும், டைல்ஸ் அறுக்கும் ஒரு பெரிய மெஷினோடும் திரும்பி வந்தான். பெரியவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவனுக்குப் பிடித்ததைச் சமைப்பதும், அவன் முகத்தைப் பார்த்துப் பேசுவதும், அவன் மூக்கைச் சுளித்தால் பேச்சை மாற்றுவதுமாக இருந்தாள். வயசான காலத்தில் கிடைத்த மாமியார் மாதிரி வைத்திருக்கிறாள் மகனை என்று சின்னவளின் புருஷன் கேலி செய்வார்.

அவர் கேலி செய்யக்கூடிய நிலைமையில் இருந்ததே பெரிய விஷயம். மின்கம்பத்தில் வேலை செய்தபோது விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அதன்பிறகு சக்கர நாற்காலிதான். முன்வாசலில் செங்குத்தான படிகள். சமையலறைக் கதவு வழியாகத் தோட்டத்தில் இறங்கி, செடி வரிசையை ஒட்டியே உருட்டிக்கொண்டு பின்சந்துக்குப் போனால், சந்து முனையில் அவருடைய சின்னக் கடை. இஸ்திரிப்பெட்டி, மிக்ஸி, மின்விசிறி என்று நாலு பேர் கொண்டுவந்து கொடுப்பதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு பொழுது சாயும்வரை இருப்பார். அந்த வழி மட்டும் இல்லையென்றால் கட்டிலிலேயே கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அது சின்னவளுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. கடை வைப்பதற்கு முன்னால் அவர் அப்படிக் கிடந்த நாட்களில், அவர் பக்கத்தில் கத்தியைக்கூட வைக்காமல் பார்த்துக்கொண்டவள் அவள்.

இலைகள் பழுக்கத் தொடங்கியிருந்த நாள் ஒன்றில், டைல்ஸ்காரன் கையில் டேப்போடு தோட்டத்துக்கு வந்தான். பட்டறைக்கு ஓர் அறை எழுப்பப்போவதாகவும், அதன் பக்கச் சுவரைச் செடி வரிசை மேலேயே வைத்துவிடப்போவதாகவும் சொன்னான். குளிர்காலத்தில் கொத்தனார் சும்மா இருப்பார், அப்போதே முடித்துவிடலாம் என்றான்.

சின்னவள் கையிலிருந்த வாளியை இறக்கி வைத்தாள். “தம்பி, இப்ப இருக்கிற இடம் எல்லை இல்லப்பா. செடி நகர்ந்து வந்திருக்கு. உங்கப்பா கயிறு பிடிச்ச இடம் அதோ, அங்க இருக்கு.”

அவன் அவள் காட்டிய இடத்தைப் பார்த்தான். இடையில் ஒரு கட்டிலை அகலவாக்கில் போடலாம்.

“செடி நகர்ந்ததா?” என்றான். “நான் எத்தனையோ வீட்டுக்குத் தரை போட்டிருக்கேன் சித்தி. எல்லைத் தகராறுல எல்லாக் கதையும் கேட்டாச்சு. இது புதுசு.”

“கதை இல்லப்பா. அங்க சுவர் வச்சா உங்க சித்தப்பா நாற்காலி கதவைத் தாண்டித் திரும்பவே முடியாது. உங்கம்மாவைக் கேளு. நாங்க ரெண்டு பேரும்தானே பிரிச்சு நடறோம்.”

பெரியவள் கொடியடியில் போர்வை ஒன்றைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிந்ததையே திரும்பப் பிழிந்தாள். மகன் முகத்தைப் பார்த்தாள், பிறகு போர்வையைப் பார்த்தாள்.

“எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல” என்றாள்.

சின்னவளுக்குக் காது அடைத்துப்போயிற்று. ஞாபகம் இல்லையாம். போன தடவை பிரித்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டு, இவள் தோளைப் பற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனவளுக்கு ஞாபகம் இல்லையாம். வாளியை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு உருளைக்கிழங்கு அடிப்பிடித்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

“அண்ணி பொய் சொல்லலையே. ஞாபகம் இல்லைன்னுதானே சொன்னாங்க” என்று புருஷன் சமாதானம் பேசினார். பொய்யாவது சொல்லியிருக்கலாம், அதை எதிர்த்துச் சண்டை போட்டிருப்பேன் என்றாள் சின்னவள். இதற்குச் சண்டை போடக்கூட வழியில்லை.

அதிலிருந்து பெரியவளுக்கு முகம் கொடுக்கவில்லை. அவள் துணி உலர்த்தும் நேரம் பார்த்து இவள் உள்ளே இருந்துகொண்டாள். குளிர் இறங்கியது. நீலப்பூத் தண்டுகள் பழுப்பாகிச் சாய்ந்தன. வழக்கமாக இருவரும் சேர்ந்து அறுத்துக் குப்பையில் போடுவார்கள். இந்தத் தடவை பெரியவள் தனியாகக் குனிந்து குனிந்து அறுத்தாள், வேரடிவரை சுத்தமாக அறுத்து, மண்ணை வாரி மூடிச் சமப்படுத்தினாள். ஜன்னலில் இருந்து சின்னவள் பார்த்தாள். அஸ்திவாரத்துக்கு இடம் தயார் செய்கிறாள் பார், மகனுக்கு இவ்வளவு உழைக்கிறாள் என்று வயிறு எரிந்தது.

அடுத்த வாரமே வேறு கவலை வந்து இதை மூடியது. புருஷனுக்கு முதுகில் இருந்த படுக்கைப்புண் சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டுவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குளிர்காலம் முழுவதும் அங்கேதான். புண்ணைச் சுரண்டினார்கள், தோல் எடுத்து ஒட்டினார்கள், ஒட்டியது பிடிக்காமல் இன்னொரு தடவை ஒட்டினார்கள். சின்னவள் நடைவழி பெஞ்சில் படுத்து, தேநீரில் ரொட்டியைத் தோய்த்துத் தின்று நாட்களைத் தள்ளினாள். அவர் தூங்கும்போதெல்லாம் அவளுக்குச் சுவர்தான் கண்ணில் நின்றது. இந்நேரம் எழுப்பியிருப்பார்கள். இவரைப் பிழைக்கவைத்து எங்கே கொண்டுபோய்க் கிடத்தப்போகிறேன்? பெரியவளைப் பார்த்ததும் என்னென்ன கேட்பது என்று மனசுக்குள் அடுக்கிவைத்தாள். கேட்டுக் கேட்டு அழுதாள். பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள், நோயாளிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து ஆறுதல் சொன்னார்கள்.

குளிர் விடும் சமயத்தில் அவரை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு திரும்பினாள். சந்துப் பக்கமாகத்தான் இறக்க வேண்டும். தோட்டத்துக் கதவைத் திறந்தால், ஆள் உயரத்துக்கு மேல் பூசாத செங்கல் சுவர். எதிர்பார்த்ததுதான். நாற்காலி எங்கே முட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். எங்கும் முட்டவில்லை. சமையலறைக் கதவுக்கு முன்னால் நாற்காலி சாவகாசமாகத் திரும்பி நின்றது.

“நல்லாத்தான் கட்டியிருக்கான்” என்றார் புருஷன்.

சின்னவளுக்குப் புரியவில்லை. தரையைப் பார்த்தாள். மண்தான் இருந்தது, வரிசை இருந்த அடையாளமே இல்லை. அப்படியானால் என் கணக்குதான் தப்பா? செடி நகரவே இல்லையா? இத்தனை மாசமும் வீணாகவா ஒருத்தியைக் கரித்துக்கொட்டினேன் என்று கூசியது. கேட்டுத் தெளியவும் வெட்கமாக இருந்தது.

மறுநாள் டைல்ஸ்காரன் சித்தப்பாவைப் பார்க்க ஆப்பிளோடு வந்தான். மரியாதையாகத்தான் பேசினான். போகும்போது சமையலறை வாசலில் நின்றான்.

“ரூம் நான் நினைச்ச அகலம் வரல சித்தி. அன்னிக்குப் பேச்சுல டேப்பைப் பிடிக்காமலே விட்டுட்டேன், கண்ணளவுலதான் கணக்குப் போட்டேன், ஆனாலும் இவ்வளவு தப்பாது எனக்கு. எடுத்து வச்ச டைல்ஸ்ல ஒரு பக்கம் முழுசா மிச்சம். கயிறு கட்டறப்ப நான் வெளியூர் வேலையில இருந்தேன். செடியும் பட்டுப்போயிருந்தது. அம்மாதான் நின்னு இடம் காட்டியிருக்காங்க. கேட்டா, செடி இருந்த இடம்தான்டான்னு சத்தியம் பண்றாங்க.” கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தான். “பாப்போம். செடி முளைச்சா தெரிஞ்சிடப்போகுது. சனிக்கிழமை கூரை போட வரேன்.”

அவன் போன மூன்றாம் நாள் காலையில், கழுநீரை ஊற்ற வந்த சின்னவள் அதைப் பார்த்தாள். சுவரடியில் ஒன்றுமில்லை. சுவருக்கு இந்தப் பக்கம், நாற்காலி போகிற தடத்தின் நட்டநடுவில், ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கோடு கிழித்தாற்போல் ஊதா கலந்த பச்சை முளை மூக்குகள் மண்ணைத் தூக்கிக்கொண்டு நின்றன. அவள் கணக்குத் தப்பவில்லை. வரிசை நகர்ந்துதான் இருந்தது. சுவர்தான் வரிசையின் மேல் இல்லை. அன்றைக்குக் கயிறு பிடித்த பழைய இடத்தில் இருந்தது.

அவள் அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். வேரடிவரை அறுத்து மண் மூடியது எதற்கு என்று இப்போது விளங்கியது. சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் பயம்தான் வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் துணி உதறும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

“நீதானாடி?” என்றது பெரியவளின் குரல்.

“நான்தான்க்கா.”

“அவருக்கு எப்படி இருக்கு?”

“பரவாயில்லக்கா. உக்கார்றாரு.”

“முளைச்சிடுச்சா?” என்று கேட்டாள் பெரியவள். குரலைத் தாழ்த்திக்கொண்டிருந்தாள்.

“முளைச்சிடுச்சு.” “ஏன்க்கா அன்னிக்கே அவன்கிட்ட சொல்லல? நான் உன்னை என்னென்னவோ நினைச்சிட்டேன்.”

“அவன் எதிர்ல நான் உன் பக்கம் பேச முடியாதுடி. அவனுக்கும் அவங்கப்பாவுக்கும் சண்டை வந்தப்ப நான் அவர் பக்கம் பேசினேன். எடுத்த பெட்டியோட போனவன் அவர் சாவுக்குக்கூட வரல. இப்ப இன்னொரு தடவை அம்மா அடுத்தவங்க பக்கம்னு தெரிஞ்சா அவன் இருக்கமாட்டான். நான் யாரோட இருப்பேன்?” மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “நாற்காலி போகணுமே. அதனால அவன் இல்லாத நாளாப் பாத்து கயிறு கட்ட வச்சேன். இப்ப கூரை மேல ஏறினா உன் தோட்டம் பூரா அவனுக்குத் தெரியும்.”

சனிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. சின்னவள் சேலையைச் செருகினாள். இது மூன்றாவது வருஷம், எப்படியும் பிரித்து நட வேண்டிய வருஷம். ஆக மண் கிளறிக் கிடந்தால் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். தூர்களைப் பெயர்த்தாள், பிய்த்தாள், சக்கையை எறிந்தாள், கன்றுகளைச் சுவரடியில் வரிசையாக ஊன்றினாள். எப்போதும் இருவர் செய்த வேலை. பெயர்க்கவும் அவளே, உட்கார்ந்து பிய்க்கவும் அவளே. விரல் தடிமன் வேர்கள் சதைப்பற்றாக இருந்தன, இழுத்தால் பட்டென்று பாதியில் ஒடிந்து மீதி மண்ணுக்குள் நின்றது. சாறு பட்டு முழங்கை வரை அரித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பெரியவள் துணி உதறுவதுபோல் பாவனை பண்ணிக்கொண்டு, ஆழமாகத் தோண்டு, தளிர் மேலே தெரியும்படி வை, தண்ணீர் விடு என்று முணுமுணுத்தபடி இருந்தாள். ஒரு கட்டத்தில் சின்னவளுக்கு எரிச்சலே வந்துவிட்டது. எனக்குத் தெரியாதா என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பேச்சில்லை, ஆனால் ஆள் போகவும் இல்லை.

பழைய இடத்தைப் புருஷன் பார்த்துக்கொண்டார். நாற்காலியை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் உருட்டி உருட்டி மண்ணை மட்டம் செய்தார். ரோடு போடும் இஞ்சினுக்கு இந்த வேலைக்கு எவ்வளவு கேட்பார்கள் என்று விசாரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை காலை டைல்ஸ்காரன் ஏணி வைத்துச் சுவர் மேல் ஏறினான். ஏறியதும் கூரைத் தகட்டைக்கூட வாங்காமல் இந்தப் பக்கம்தான் குனிந்து பார்த்தான். சுவரடியில் தண்ணீர் ஊற்றிய ஈரத்தோடு, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பச்சை வரிசை. அவன் வெகுநேரம் பார்த்தான். சின்னவள் துடைத்த பாத்திரத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

“பிரிச்சு நட்டியா சித்தி?”

“ஆமாப்பா. மூணு வருஷம் ஆச்சு.”

“அப்ப அம்மா காட்டின இடம் சரிதான்.” அவன் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது. அதைப் பார்த்து அவளுக்கும் மூச்சு வந்தது. அதோடு விடுவான் என்று நினைத்தாள். அவன் விடவில்லை. “அப்படின்னா செடி நகர்ந்துச்சுன்னு நீ சொன்னது?”

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். பொய்க்காரி என்று ஒருநாளும் பெயர் வாங்காதவள். பால்காரர் பாக்கியில் இருந்து பக்கத்து வீட்டுப் பஞ்சாயத்து வரை, அவள் சொன்னால் சரிதான் என்பார்கள். அந்தப் பெயர் ஒன்றுதான் அவளுக்குச் சொந்தச் சம்பாத்தியம். நாற்காலியில் இருந்த புருஷன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் சொன்னது பொய்ப்பா” என்றாள். “நாற்காலி போக வழி வேணுமேன்னு சொல்லிட்டேன்.”

“கேட்டிருந்தா நானே விட்டுக்கொடுத்திருப்பேனே சித்தி. அதுக்குப்போய் இப்படியா?” அவன் குரலில் கோபம்கூட இல்லை, இரக்கம்தான் இருந்தது. அதுதான் அவளை அறுத்தது. “அம்மாவைத்தான் நீ பாடாப் படுத்திட்டே. நீ பேசலைன்னு குளிர்காலம் பூரா சாப்பிடாம அழுதாங்க. இப்பவே வந்து அவங்ககிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடு.”

தோட்டத்து வழி இப்போது இல்லை. தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். மண் காய்ந்த கையோடு சின்னவள் போனாள். பெரியவள் வாசலில் நின்றிருந்தாள். மகன் ஏணியிலிருந்து இறங்கி வந்து பின்னால் நின்றான்.

“மன்னிச்சுடுக்கா. நான் பொய் சொல்லிட்டேன்.”

மகன் பார்த்துக்கொண்டிருந்தான். “விடு, விடு. வாய்க்கு வந்ததைப் பேசறது உனக்குப் பழக்கம்தானே” என்றாள் கண்டிப்பாக. இத்தனை வருஷத்தில் அவள் சின்னவளைக் கடிந்து சொன்ன முதல் வார்த்தை அது. மகனுக்குத் திருப்தி. இருவருக்கும் தேநீர் போடச் சொல்லிவிட்டு மேலே வேலையைப் பார்க்கப் போனான்.

அவன் காலடி ஏணியில் ஏறும்வரை இருவரும் அசையவில்லை. பிறகு பெரியவள் வாசற்படியிலேயே சரிந்து உட்கார்ந்து முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். சின்னவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஆத்திரமாகவும் இருந்தது, அணைத்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. கையெல்லாம் மண்.

மேலே ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. பெரியவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“பழைய இடத்துல துண்டு எதுவும் விடலையே?”

“தெரியலக்கா. இழுக்க இழுக்க வேர் உள்ளேயே ஒடியுது. மறுபடி முளைக்கத்தான் செய்யும்.”

“முளைக்க முளைக்கப் பிடுங்கிடு.”

“எத்தனை வருஷத்துக்குக்கா?”

பெரியவள் கூரையைப் பார்த்தாள். “நான் இருக்கிற வரைக்கும் பிடுங்கினா போதும்டி” என்றாள்.